லிப்ஸ்டாட் போர்

லிப்ஸ்டாட் போர் என்பது ஜப்பானிய எழுத்தாளர் யோஷிகி தனாகா எழுதிய "கின்கா எய்யூ டென்செட்சு" என்னும் அறிவியல் புனைகதை வரிசையில் இடம்பெறும் ஓர் உள்நாட்டுப் போர் ஆகும். இவ்வரிசை ஆங்கிலத்தில் "லெஜண்ட் ஆஃப் த கலாக்டிக் ஹீரோஸ்" என்ற பெயரில் அறியப்படுகின்றது. "பால்வெளி வீரர்களின் தொன்மக்கதை" எனத் தமிழில் இதற்குப் பொருள் கூறலாம். ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் நிலைத்திருந்த பால்வெளிப் பேரரசில் அரியணைக்கு உரிய வாரிசு யார் என்னும் கேள்வியில் இப்போர் தொடங்கியது. பிரபுக்களின் ஆட்சி முறை வீழ்ந்ததும், இருபத்தொரு வயதுப் படைத்தலைவர் ஒருவர் பேரரசின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றியதும் இதன் முடிவுகளாகும்.

கதையின்படி இப்போர் அண்டவெளி ஆண்டு 797 இல், அதாவது பேரரசு ஆண்டு 488 இல் நடைபெற்றது. அண்டவெளி ஆண்டின் முதல் ஆண்டு கி.பி. 2801 ஆகும். எனவே இது கி.பி. 3597 ஆம் ஆண்டைக் குறிக்கும். வரிசையின் இரண்டாம் தொகுதி (1983) இப்போரையே மையமாகக் கொண்டது.

(கவனிக்க: கதையின் திருப்பங்களும் முடிவும் கீழே விவரிக்கப்படுகின்றன.)

பின்னணி

கதையில் மனித இனம் பால்வெளியின் பல விண்மீன் மண்டலங்களில் குடியேறியுள்ளது. அண்டவெளி ஆண்டு 310 இல், அப்போதிருந்த மக்களாட்சிக் கூட்டரசின் தலைவரான ருடால்ஃப் வொன் கோல்டன்பாம் தன்னைப் பேரரசராக அறிவித்துக் கொண்டார். அவர் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். தமக்கு உறுதுணையாக இருந்தவர்களுக்குச் செருமானியப் பெயர்களையும் பட்டங்களையும் நிலங்களையும் வழங்கிப் புதியதொரு பிரபு வகுப்பை உருவாக்கினார். பேரரசின் தலைநகர் ஓடின் என்னும் கோளில் அமைந்தது.

ருடால்ஃபின் ஆட்சி முறையை ஏற்காதோர் பின்னாளில் தப்பிச் சென்று சுதந்திரக் கோள்களின் கூட்டணி என்னும் மக்களாட்சி நாட்டை நிறுவினர். இரு நாடுகளுக்கும் இடையே 150 ஆண்டுகளுக்கும் மேலாகப் போர் நடந்து வந்தது. கதை நிகழும் காலத்தில் பேரரசின் மக்கள்தொகை 2,500 கோடி, கூட்டணியின் மக்கள்தொகை 1,300 கோடி. இரண்டுக்கும் நடுவே 200 கோடி மக்களைக் கொண்ட ஃபெசான் என்னும் வணிக ஆட்சிப்பகுதி உள்ளது.

பேரரசின் பிரபுக்களுக்கு வரி கிடையாது. தம் நிலங்களில் வாழும் மக்கள் மீது அவர்களுக்குப் பெரும் அதிகாரம் இருந்தது. பெரிய பிரபுக்கள் சொந்தமாக விண்கலப் படைகளையும் வைத்திருந்தனர். பேரரசர் வலிமையுடன் இருந்தவரை இப்படைகள் அரியணைக்குத் துணையாக நின்றன. அரியணை வெறுமையானபோது அவையே உள்நாட்டுப் போருக்கான கருவிகளாயின.

வாரிசுச் சிக்கல்

பேரரசு ஆண்டு 487 இல் பேரரசர் நான்காம் ஃபிரெட்ரிக் இதய நோயால் திடீரென இறந்தார். அவர் தமக்கு அடுத்த வாரிசை அறிவித்திருக்கவில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் மூவர் அரியணைக்கு உரியோராகக் கருதப்பட்டனர்.

* எர்வின் யோசஃப் – மறைந்த பட்டத்து இளவரசரின் மகன். வயது ஐந்து.
* எலிசபெத் – பேரரசரின் மகளுக்கும் கோமகன் ஓட்டோ வொன் பிரவுன்ஷ்வைக்குக்கும் பிறந்தவர்.
* சபீனா – பேரரசரின் மற்றொரு மகளுக்கும் வில்ஹெல்ம் வொன் லிட்டன்ஹைமுக்கும் பிறந்தவர்.

எர்வின் யோசஃபுக்கு வலிமையான உறவினர் எவரும் இல்லை. ஏனைய இருவரின் தந்தையரும் பேரரசின் மிகப்பெரிய பிரபுக்கள். அவர்களுள் எவருடைய மகள் அரியணை ஏறினாலும் தமது பதவி பறிபோகும் என்பதை அரசு அமைச்சர் கிளவுஸ் வொன் லிக்டன்லாடே உணர்ந்திருந்தார். எனவே அவர் ஐந்து வயதுச் சிறுவனை அரியணையில் அமர்த்தினார். இதற்குப் படை வலிமை தேவைப்பட்டது. அவ்வலிமையை அளித்தவர் ரைன்ஹார்ட் வொன் லோஹன்கிராம்.

ரைன்ஹார்ட் வறிய சிறு பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்குப் பத்து வயதானபோது, அவருடைய தமக்கை அன்னரோஸ் பேரரசரின் அந்தப்புரத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். அன்று முதல் பேரரசை வீழ்த்தித் தமக்கையை மீட்பதே ரைன்ஹார்டின் குறிக்கோளாக இருந்தது. அண்டை வீட்டுத் தோழனான சீக்ஃப்ரீட் கிர்கையிஸ் அவருடன் படையில் சேர்ந்து எப்போதும் உடன் நின்றார். பேரரசர் இறந்த வேளையில், அம்ரிட்சர் விண்மீன் பகுதியில் கூட்டணியின் பெரும்படையை முறியடித்துவிட்டு ரைன்ஹார்ட் தலைநகர் திரும்பியிருந்தார்.

லிக்டன்லாடேயும் ரைன்ஹார்டும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. அமைச்சருக்கு ஒரு வாள் தேவைப்பட்டது. படைத்தலைவருக்குச் சட்டத்தின் பெயர் தேவைப்பட்டது. இத்தேவை தீர்ந்ததும் உடன்பாடும் தீரும் என்பதை இருவரும் அறிந்தே இருந்தனர்.

லிப்ஸ்டாட் ஒப்பந்தம்

புதிய ஆட்சியிலிருந்து விலக்கப்பட்ட பிரபுக்கள் பிரவுன்ஷ்வைக்கின் தலைமையில் ஒன்றுகூடினர். ஓவிய ஏலம், தோட்ட விருந்து என்ற போர்வையில் லிப்ஸ்டாட் காட்டிலுள்ள அவரது மாளிகையில் இக்கூட்டம் நடந்தது. அங்கு கையெழுத்தான ஒப்பந்தமே போருக்குப் பெயர் தந்தது. இதில் 3,740 பிரபுக்கள் இணைந்தனர். பேரரசுப் படையிலிருந்து வந்தவர்களும் பிரபுக்களின் சொந்தப் படையினரும் சேர்ந்து அவர்களுடைய படைபலம் 2 கோடியே 56 இலட்சம் என்று கதை கூறுகின்றது.

ஒப்பந்தத்தின் தலைவராகப் பிரவுன்ஷ்வைக்கும் துணைத்தலைவராக லிட்டன்ஹைமும் அமைந்தனர். தத்தம் மகளை அரியணையில் அமர்த்த விரும்பிய இருவரும் பொது எதிரியை முன்னிட்டே கைகோத்தனர். வெற்றி கிட்டினால் இருவருக்கும் இடையே மற்றொரு போர் மூளும் நிலை இருந்தது.

படைத் தலைமையை ஏற்குமாறு மூத்த தளபதி மெர்காட்ஸ் கட்டாயப்படுத்தப்பட்டார். அவருடைய குடும்பத்துக்குத் தீங்கு நேரும் என்ற மறைமுக அச்சுறுத்தலே அவரை இணங்கச் செய்தது. படை முழுவதும் தம் ஒருவரின் கட்டளைக்கே பணிய வேண்டும் என்று அவர் விதித்த நிபந்தனையைப் பிரபுக்கள் ஏற்றனர். ஆயினும் அதைக் கடைப்பிடிக்கவில்லை.

எல்லாப் பிரபுக்களும் ஒப்பந்தத்தில் சேரவில்லை. மரீன்டார்ஃப் குடும்பத்தைச் சேர்ந்த ஹில்டகார்ட் என்னும் இளம்பெண், ரைன்ஹார்டே வெல்வார் எனக் கணித்துத் தம் தந்தையைச் சம்மதிக்கச் செய்தார். பின்னர் அவர் ரைன்ஹார்டை நேரில் சந்தித்து ஆதரவு தெரிவித்தார். ஆதரவுக்கு ஈடாகத் தம் குடும்பத்தின் பாதுகாப்புக்கு எழுத்துமூலமான உறுதியைக் கேட்டுப் பெற்றார்.

போரின் தொடக்கம்

போர் வெளிப்படையாகத் தொடங்கும் முன் பிரவுன்ஷ்வைக்கின் அலுவலர்கள் இருவர் வேறு வழியை முன்வைத்தனர். பெரும்படைகள் மோதினால் பேரரசே சிதையும், எனவே ரைன்ஹார்டைத் தலைநகரிலேயே கொன்றுவிடலாம் என்பது அவர்களது கருத்து. களத்தில் வெல்வதே பெருமை எனக் கூறிப் பிரவுன்ஷ்வைக் அதை மறுத்தார். அவ்விருவருள் ஒருவரான ஃபெர்னர், தலைவரின் அனுமதியின்றிச் சிறு படையுடன் ரைன்ஹார்டின் மாளிகையைத் தாக்க முயன்றார். மாளிகை முன்னரே பலத்த காவலில் இருந்ததால் முயற்சி தோல்வியுற்றது.

இத்தாக்குதலை ரைன்ஹார்ட் தமக்குச் சாதகமாக்கிக் கொண்டார். அவருடைய படைகள் ஓடினின் முக்கிய இடங்களை உடனடியாகக் கைப்பற்றின. படைத்துறை அமைச்சரும் தலைமைப் பணியகத்தின் தலைவரும் கைது செய்யப்பட்டனர். அவர்களது அதிகாரங்களும் ரைன்ஹார்டிடம் சேர்ந்தன. பிரவுன்ஷ்வைக்கும் ஏனைய பிரபுக்களும் தலைநகரிலிருந்து தப்பி, கையர்ஸ்பர்க் என்னும் விண்வெளிக் கோட்டையைத் தளமாகக் கொண்டனர்.

அடுத்து எழுந்தது பெயர் பற்றிய போட்டியாகும். பிரபுக்கள் தம் படையை நீதியின் தரப்புப் படை என அழைத்துக் கொண்டனர். ஆனால் சிறுவர் பேரரசரின் முத்திரை தலைநகரில் இருந்தவர்களின் கையில் இருந்தது. அரசு ஆவணங்கள் அனைத்திலும் பிரபுக்களின் படையைக் கலகப்படை என்றே குறிக்க வேண்டும் என ரைன்ஹார்ட் ஆணையிட்டார். 1868–69 ஆம் ஆண்டுகளில் ஜப்பானில் நடந்த போஷின் உள்நாட்டுப் போரிலும் பேரரசரைத் தம் வசம் கொண்ட தரப்பு அரசப் படை எனவும், எதிர்த்தரப்பு கலகப்படை எனவும் அழைக்கப்பட்டது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

கூட்டணியில் நிகழ்ந்த புரட்சி

பேரரசின் உள்நாட்டுப் போரில் கூட்டணி தலையிடுவதைத் தடுக்க ரைன்ஹார்ட் முன்கூட்டியே திட்டமிட்டார். போர்க்கைதிகள் பரிமாற்றத்தின்போது, முன்னர் சிறைப்பட்டிருந்த கூட்டணித் தளபதி லிஞ்ச் என்பவரிடம் படைப்புரட்சித் திட்டம் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். அதன் விளைவாகக் கூட்டணியின் தலைநகரில் படையினர் சிலர் ஆட்சியைக் கைப்பற்றினர். அப்புரட்சியைக் கூட்டணியின் தளபதி யாங் வென்-லி அடக்கினார். இவ்வாறு இரு நாடுகளிலும் ஒரே ஆண்டில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. பேரரசின் போருக்குள் தலையிடும் வாய்ப்பைக் கூட்டணி இழந்தது.

போரின் போக்கு

எண்ணிக்கையில் வலிமையாக இருந்தும் பிரபுக்களின் படை தொடர்ந்து தோல்வியடைந்தது. தொடக்கத்தில் அவர்கள் கைவிட்ட ஒரு திட்டமே இதற்கான காரணத்தைக் காட்டுகின்றது. ரைன்ஹார்டின் படையைக் கையர்ஸ்பர்க் அருகே இழுத்து வைத்துக்கொண்டு, தனிப்படை ஒன்றை அனுப்பிக் காவல் குறைந்த ஓடினைக் கைப்பற்றலாம் என்று ஸ்டாடன் என்னும் தளபதி முன்மொழிந்தார். படையியல் நோக்கில் இது சிறந்த திட்டம். ஆனால் தலைநகரைப் பிடிப்பவர் கையிலேயே சிறுவர் பேரரசரும் இருப்பார். அத்தனிப்படைக்கு யார் தலைமை தாங்குவது என்ற கேள்வி எழுந்தவுடன் பிரபுக்கள் ஒருவரை ஒருவர் ஐயுற்றனர். மெர்காட்ஸ் இத்திட்டத்தை முன்பே எண்ணிப் பார்த்தவர். இத்தகைய பூசல் எழும் என்பதாலேயே அவர் அதை முன்வைக்கவில்லை.

முதல் மோதலில் ஸ்டாடனின் படையை ரைன்ஹார்டின் தளபதி மிட்டர்மையர் ஆர்டேனா பகுதியில் முறியடித்தார். ரெண்டன்பர்க் கோட்டை கைக்கு மாறியது. கிர்கையிஸ் தனிப்படையுடன் சென்று சுற்றுப்புற மண்டலங்களை அமைதிப்படுத்தினார். பிரவுன்ஷ்வைக்குடன் பிணங்கிப் பிரிந்து வந்த லிட்டன்ஹைமின் பெரும்படையைக் கிஃபோய்சர் பகுதியில் அவர் தோற்கடித்தார். தப்பியோடிய லிட்டன்ஹைம் வழியை மறித்த தம் சொந்த வழங்கல் கலங்களையே சுட்டு வீழ்த்திச் சென்றார். பின்னர் தம் தரப்புப் படைவீரர் ஒருவராலேயே மடிந்தார்.

வெஸ்டர்லாந்து படுகொலை

வெஸ்டர்லாந்து பிரவுன்ஷ்வைக்கின் ஆட்சிக்குட்பட்ட வறண்ட கோள். அவருடைய உறவினர் அதனை ஆண்டு வந்தார். போருக்காக மக்களை மேலும் கசக்கிப் பிழிந்ததால் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சியில் அந்த உறவினர் இறந்தார். சினமுற்ற பிரவுன்ஷ்வைக், கோளின் மீது அணுகுண்டுத் தாக்குதல் நடத்த ஆணையிட்டார். இதை எதிர்த்த அவருடைய உண்மை ஊழியர் அன்ஸ்பாக் சிறையிடப்பட்டார்.

இச்செய்தி ரைன்ஹார்டின் தரப்புக்கு முன்கூட்டியே கிடைத்தது. தாக்குதலைத் தடுக்கப் போதிய படை அவரிடம் இருந்தது. ஆனால் அவருடைய தலைமை ஆலோசகர் பவுல் வொன் ஓபர்ஸ்டைன் தாக்குதலை நடக்கவிட வேண்டும் என்றார். அக்கொடுமையின் படங்களை எங்கும் ஒளிபரப்பினால் மக்கள் பிரபுக்களைக் கைவிடுவர், போர் விரைவில் முடியும், போர் நீடித்தால் இறப்போரைவிட இதில் இறப்போர் குறைவு என்பது அவரது வாதம்.

தாக்குதல் நடந்தது. 20 இலட்சம் மக்கள் இறந்தனர். ஒளிபரப்பான படங்கள் ஓபர்ஸ்டைன் கணித்த விளைவையே தந்தன. பிரபுக்களின் நிலங்களில் மக்கள் எழுந்தனர், படைவீரர்கள் தரப்பு மாறினர்.

இந்நிகழ்வில் ரைன்ஹார்டின் பங்கு நாவலிலும் அசைபடத்திலும் வேறுபடுகின்றது. நாவலில் அவர் தயக்கத்துடன் ஆலோசனைக்கு உடன்படுகின்றார். 1988 இல் தொடங்கிய அசைபடத் தொடரில், தாக்குதல் நடக்கும் நேரத்தைத் தவறாகக் கூறி ஓபர்ஸ்டைன் அவரை ஏமாற்றுகின்றார். எனினும் இரண்டிலும் அவர் பொறுப்பைத் தட்டிக் கழிப்பதில்லை.

போரின் முடிவு

கையர்ஸ்பர்க் அருகே நடந்த இறுதிப் போரில் பிரபுக்களின் கலங்களிலிருந்த சாதாரண வீரர்கள் தம் மேலதிகாரிகளுக்கு எதிராகவே கிளர்ந்தனர். கோட்டை வீழ்ந்தது. சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட அன்ஸ்பாக்கின் வற்புறுத்தலால் பிரவுன்ஷ்வைக் நஞ்சருந்தி இறந்தார். மெர்காட்ஸ் கூட்டணிக்குச் சென்று யாங் வென்-லியிடம் அடைக்கலம் புகுந்தார்.

வெஸ்டர்லாந்தில் நடந்ததை அறிந்த கிர்கையிஸ் ரைன்ஹார்டிடம் நேரில் கேள்வி எழுப்பினார். பிரபுக்கள் அவ்வாறு செய்வது அவர்களின் இயல்பு, ஆனால் புதிய ஆட்சி மக்களின் நம்பிக்கையின் மீதே எழ வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. ரைன்ஹார்டிடம் விடை இல்லை. இருவருக்கும் இடையே முதன்முறையாக விரிசல் ஏற்பட்டது. தம் முன்னிலையில் ஆயுதம் தாங்கக் கிர்கையிஸுக்கு மட்டும் அளிக்கப்பட்டிருந்த சிறப்புரிமையையும் ரைன்ஹார்ட் நீக்கினார்.

செப்டம்பர் 9 அன்று கோட்டையில் வெற்றி விழா நடைபெற்றது. தம் தலைவரின் உடலைக் கொண்டுவந்த அன்ஸ்பாக், அவ்வுடலுக்குள் மறைத்திருந்த ஆயுதத்தால் ரைன்ஹார்டைச் சுட முயன்றார். ஆயுதமற்ற கிர்கையிஸ் குறுக்கே பாய்ந்து தடுத்து, அம்முயற்சியில் உயிரிழந்தார். முன்போல் அவரிடம் ஆயுதம் இருந்திருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம் என்பதே இந்நிகழ்வின் துயரமாகும்.

விளைவுகள்

கொலை முயற்சியைத் தூண்டியவர் லிக்டன்லாடே எனப் பழி சுமத்துமாறு ஓபர்ஸ்டைன் ஆலோசனை கூறினார். ரைன்ஹார்டின் தளபதிகள் விரைந்து சென்று ஓடினைக் கைப்பற்றினர். லிக்டன்லாடே தற்கொலை செய்துகொள்ளுமாறு கட்டாயப்படுத்தப்பட்டார். அவர் குடும்பத்தில் பத்து வயதும் அதற்கு மேலுமான ஆண்கள் கொல்லப்பட்டனர். பெண்களும் சிறுவர்களும் நாடு கடத்தப்பட்டனர்.

ரைன்ஹார்ட் கோமகன் பட்டமும் பேரரசின் முதலமைச்சர் பதவியும் பெற்றார். பிரபுக்களின் வரிவிலக்கு நீக்கம், சட்டத்தின் முன் சமத்துவம் ஆகிய சீர்திருத்தங்கள் அவரது ஆட்சியில் நிகழ்ந்தன. பேரரசு ஆண்டு 490 இல் அவரே பேரரசராக முடிசூடினார். கோல்டன்பாம் அரசமரபு அத்துடன் முடிவடைந்தது. தமக்கை அன்னரோஸ் அவரைப் பிரிந்து தனியே வாழச் சென்றார். வெஸ்டர்லாந்தில் மனைவியையும் பிள்ளையையும் இழந்த ஒருவர் பின்னாளில் பேரரசர் ரைன்ஹார்டைக் கொல்ல முயல்வதும் கதையில் இடம்பெறுகின்றது.

கருப்பொருள்

இவ்வுள்நாட்டுப் போர் கொள்கை வேறுபாட்டால் தொடங்கியது அன்று. வாரிசுரிமை குறித்துத் தெளிவான விதி இல்லாமையும், அரசுக்குக் கட்டுப்படாத சொந்தப் படைகள் இருந்தமையும் இதன் அடிப்படைக் காரணங்களாகும். அரியணைக்கு முன்னிறுத்தப்பட்ட மூவருமே தாமாக எதையும் கேட்காதவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

தனாகா இப்போரை நல்லோருக்கும் தீயோருக்கும் இடையிலான மோதலாக அமைக்கவில்லை. பிரபுக்களின் வீழ்ச்சியால் கோடிக்கணக்கான மக்களின் வாழ்வு மேம்பட்டது. ஆனால் அதற்காக 20 இலட்சம் பேரின் உயிர் கணக்கில் வைக்கப்பட்டது. ஓபர்ஸ்டைனின் கணக்கு பிழையானது என்று கதை நிறுவுவதில்லை. அக்கணக்கைச் செய்ய எவருக்கு உரிமை உண்டு என்ற கேள்வியையே கிர்கையிஸ் வழியாக எழுப்புகின்றது. தொகுதிகள் பல கடந்தும் ரைன்ஹார்டை விட்டு அக்கேள்வி நீங்குவதில்லை. நேர்மையான ஒரு தனிமனிதரின் ஆட்சி மேலானதா, குறைபாடுள்ள மக்களாட்சி மேலானதா என்னும் வரிசை முழுவதற்குமான வினாவுக்கு இப்போர் ஓர் அடித்தளம் எனலாம்.

வெளியீடும் தழுவல்களும்

யோஷிகி தனாகா 1952 இல் குமாமோட்டோ மாநிலத்தில் பிறந்தவர். இவ்வரிசையின் பத்து முதன்மைத் தொகுதிகளை 1982 முதல் 1987 வரை தோக்குமா ஷோட்டன் நிறுவனம் வெளியிட்டது. 1988 இல் இவ்வரிசை ஜப்பானின் செய்யுன் விருதைப் பெற்றது. பத்துத் தொகுதிகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2016–2019 காலப்பகுதியில் வெளிவந்தது.

நொபொரு இஷிகுரோ இயக்கிய அசைபடத் தொடர் 1988 முதல் 1997 வரை 110 பகுதிகளாக வெளியானது. மேற்கத்தியச் செவ்வியல் இசையைப் பின்னணியாகப் பயன்படுத்தியமைக்காக இத்தொடர் பெரிதும் அறியப்படுகின்றது. 26 பகுதிகள் கொண்ட அதன் முதல் பருவம் லிப்ஸ்டாட் போரின் முடிவுடன் நிறைவடைகின்றது. புரொடக்சன் ஐ.ஜி. நிறுவனம் 2018 இல் தொடங்கிய புதிய தழுவலில், 2019 இல் திரையரங்குகளில் வெளியான மூன்று பாகங்கள் இப்போரைச் சித்திரிக்கின்றன. ரியூ ஃபுஜிசாகி வரைந்த படக்கதை வடிவம் 2015 இல் தொடங்கியது. பெண்கள் மட்டுமே நடிக்கும் தக்கராசுக்கா நாடகக் குழுவும் 2012 இல் இக்கதையை மேடையேற்றியது.